மழை அன்னைக்கு உங்க சம்ப் மோட்டார் ஓடுமா? திருவள்ளூர் - கும்மிடிப்பூண்டி வீடுகள் இப்போதே பார்க்க வேண்டியவை

2025 மே 19. பெங்களூரு பி.டி.எம். லேஅவுட். கனமழையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. மாலையில், 63 வயதான குடியிருப்புவாசி ஒருவர் வெளியிலிருந்து ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து தண்ணீரை இறைக்க முயன்றார். மின் இணைப்பு கொடுத்தபோது ஷாக் அடித்தது. அவரும், பக்கத்தில் நின்றிருந்த 12 வயதுச் சிறுவனும் இறந்துபோனார்கள். அந்தச் சிறுவன், அங்கே வேலை பார்த்த நேபாளத் தொழிலாளி ஒருவரின் மகன்.

தண்ணீர் வந்த பிறகு மோட்டாரைத் தேடுவது, கிடைத்த ஒயரை எடுத்து கிடைத்த சாக்கெட்டில் சொருகுவது. இதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், சிலர் செய்தும் இருக்கிறோம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூரையும் புரட்டிப் போட்டபோது ஆவடி, மீஞ்சூர், பொன்னேரி பக்கம் எத்தனையோ வீடுகளில் இதே காட்சிதான். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய மோட்டாரை ஓட வைக்கப் போராடியவர்கள் ஏராளம்.

வருஷத்தில் 10 மாதம் சும்மா கிடக்கும் ஒரு இயந்திரம், அந்த ஒரு ராத்திரி மட்டும் தவறாமல் ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அது ஓடாமல் போவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை செப்டம்பரிலேயே கண்டுபிடித்துவிடக் கூடியவை.

எந்த சம்ப்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்க யூடியூப் வீடியோக்களில் 'சம்ப் பம்ப்' என்றால், அடித்தளத்தின் தரையில் ஒரு குழி, அதில் ஊறி வரும் தண்ணீரை வெளியேற்றும் சின்ன மோட்டார். நம்ம ஊரில் 'சம்ப்' என்றால் மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணீரோ பிடித்து வைக்கும் நிலத்தடித் தொட்டி. அதிலிருக்கும் மோட்டார் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும். இரண்டுக்கும் பெயர் ஒன்று, வேலை நேர் எதிர். இந்தக் கட்டுரையில் தண்ணீரை வெளியேற்றுவதை 'வடிகால் பம்ப்' என்றும், குடிநீர்த் தொட்டியைக் 'குடிநீர் சம்ப்' என்றும் சொல்கிறேன். வெள்ளத்தில் இரண்டுக்குமே சிக்கல் வரும்.

'எங்க வீட்டுல பேஸ்மென்ட்டே இல்லையே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆவடி, பூந்தமல்லி பக்கம் புது அடுக்குமாடிகளில் அடித்தள பார்க்கிங் வந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள தனி வீடுகளிலும் வாடகைக் குடியிருப்புகளிலும் அது அரிது. ஆனால் நம் தெருக்களில் வேறு ஒரு வழியில் பேஸ்மென்ட் உருவாகிறது. பழைய தார் மேலேயே புது தார் போட்டுப் போட்டு ரோடு ஏறிக்கொண்டே போகும். இருபது வருஷத்துக்கு முன் ரோட்டை விட இரண்டு படி உயரத்தில் கட்டிய வீடு, இன்று ரோட்டுக்கு இரண்டு படி கீழே இருக்கும். 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய சாலைப் பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புது அடுக்கு போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போகக் கூடாது என்று அதிகாரிகளுக்கு உத்தரவு அனுப்பியது இதனால்தான். அதற்கு முன்பே ஏறிவிட்ட ரோடு இறங்கப் போவதில்லை. உங்கள் வாசற்படி ரோட்டை விடக் கீழே இருந்தால், வடிகால் பம்ப் விஷயத்தில் உங்கள் தரைத்தளமும் பேஸ்மென்ட் கணக்குதான்.

லிஃப்ட் குழி, மோட்டார் வைத்திருக்கும் பள்ளம், சின்ன பட்டறைகளில் இருக்கும் எடை மேடைக் குழி, கேபிள் போகும் பள்ளம் எல்லாமே இதில் சேரும்.

தண்ணீர் எங்கிருந்து வருது?

இங்கே இரண்டு ஆறுகள். கொசஸ்தலை ஆறு பூண்டி ஏரியின் உபரி நீரைச் சுமந்துகொண்டு தாமரைப்பாக்கம், மீஞ்சூர் வழியாக எண்ணூருக்குப் போகிறது. ஆரணி ஆறு ஆந்திராவின் பிச்சாட்டூர் அணையிலிருந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி தாண்டிப் பழவேற்காட்டுக்குப் போகிறது. நிலம் தட்டை, கடல் பக்கம். வருஷ மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதத்திலேயே கொட்டிவிடும். உங்கள் ஊரில் மழை நின்ற பிறகும் பிச்சாட்டூரிலோ பூண்டியிலோ தண்ணீர் திறந்தால் மறுநாள் வெள்ளம் வரலாம். 'மழை விட்டாச்சு'ன்னு பம்ப்பைக் கழற்றி வைத்துவிடாதீர்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் மூன்று வழியாக வரும். ஒன்று, ரோட்டிலிருந்து வாசல் வழியாக. இரண்டாவது, கழிவுநீர்க் குழாய் வழியாகப் பின்னோக்கி. செப்டிக் டேங்கோ சாக்கடையோ நிரம்பினால் பாத்ரூம் ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே வரும். மூன்றாவது, நிலத்தடி நீர் மட்டம் ஏறித் தரை விரிசல் வழியாக ஊறுவது. இந்த மூன்றாவதுக்குத்தான் வடிகால் பம்ப் உண்மையில் பொருத்தமானது. இரண்டாவதுக்கு, வெளியேறும் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ் வேண்டும். அது இல்லையென்றால் பாத்ரூம் ஓட்டைகளின் மேல் பிளாஸ்டிக் பையில் மணல் கட்டி வைப்பதாவது வேண்டும்.

முதல் வழிக்கு ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். உங்கள் மனை அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. ஏறத்தாழ 111 சதுர மீட்டர். 10 சென்டி மீட்டர் மழை பெய்தால், உங்கள் மனையில் மட்டும் விழும் தண்ணீர் சுமார் 11,000 லிட்டர். நிமிஷத்துக்கு 100 லிட்டர் தள்ளும் பம்ப் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் காலி. சமாளிக்கலாம்.

இப்போது தெருவைப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், ஓர் அடி தண்ணீர் நிற்கிறது. சுமார் 1,80,000 லிட்டர். அதே பம்ப் 30 மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். அதுவும் பக்கத்துத் தெருவிலிருந்து புதுசா ஒரு சொட்டு வராமல் இருந்தால். சுருக்கமா சொன்னா, உங்கள் வீட்டுத் தண்ணீரை பம்ப் வெளியேற்றும், தெருத் தண்ணீரை வெளியேற்றாது. தெரு ஏரியாகிவிட்டால் மெயினை ஆஃப் செய்துவிட்டு மாடிக்கோ முகாமுக்கோ போவதுதான் வேலை. இந்த எல்லையைத் தெரிந்துகொள்ளாமல் ராத்திரி முழுக்க மோட்டாரோடு மல்லுக்கட்டுபவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

தப்பான மோட்டார்

மெக்கானிக்குகளிடம் வந்து சேரும் கதை பெரும்பாலும் இதுதான்: குடிநீர் சம்ப்பில் இருந்த மோட்டாரையே கழற்றி, சேற்றுத் தண்ணீரில் போட்டு ஓட்டி, காயில் எரிந்துவிட்டது.

வெளியே தரையில் உட்காரும் மோனோபிளாக் மோட்டார் தண்ணீரில் மூழ்கவே கூடாது. உறிஞ்சும் குழாயில் ஃபுட் வால்வ் லேசாக ஒழுகினாலும் காற்று பிடித்துக்கொள்ளும். நடு ராத்திரியில் பக்கெட்டில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஓபன்வெல் சப்மெர்சிபிள் தண்ணீருக்குள் இருந்தே ஓடும். ஆனால் அது தெளிந்த தண்ணீருக்காகச் செய்தது. மணலும் பிளாஸ்டிக் கவரும் உள்ளே போனால் இம்பெல்லர் இறுகிவிடும். வெள்ளத்துக்கு வேண்டியது 'டிவாட்டரிங்' அல்லது 'சீவேஜ்' வகை சப்மெர்சிபிள். அழுக்கும் சிறு துகள்களும் கடந்து போகிற மாதிரி இம்பெல்லரும் வழியும் அகலமாக இருக்கும். பெட்டியில் எத்தனை மில்லி மீட்டர் துகள் வரை போகும் என்று போட்டிருப்பார்கள். கடையில் அதைக் கேளுங்கள்.

இன்னொரு ஏமாற்றம் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 'நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர்' எண். அது தண்ணீரை ஏறக்குறைய உயரமே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. நாலு மீட்டர் உயரம் ஏற்ற வேண்டும், மேலே மெல்லிய ஹோஸ், இரண்டு எல்போ என்றால் பாதிகூட வராது. பம்ப்பின் வாய் ஒன்றரை இஞ்ச் என்றால் குழாயும் ஒன்றரை இஞ்ச். ஓர் இஞ்ச் தோட்ட ஹோஸை ரெட்யூசர் போட்டு மாட்டுவது காசைத் தண்ணீரில் போடுவது.

உங்கள் பம்ப் உண்மையில் எவ்வளவு தள்ளும் என்று அளக்க ஓர் எளிய வழி இருக்கிறது. குழி 3 அடிக்கு 3 அடி என்று வையுங்கள். தண்ணீர் நிரப்பி பம்ப்பை ஓட்டி, மட்டம் ஓர் அடி இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று மொபைலில் பாருங்கள். அந்த ஓர் அடி என்பது சுமார் 255 லிட்டர். இரண்டரை நிமிஷம் ஆனால் நிமிஷத்துக்கு 100 லிட்டர் பம்ப். போன வருஷம் இரண்டரை நிமிஷம் எடுத்தது இந்த வருஷம் நாலு நிமிஷம் எடுக்கிறதா? எங்கேயோ அடைப்பு, அல்லது இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். பம்ப்பின் சுவிட்சை மட்டும் ஆஃப் செய்வது போதாது, பிளக்கையும் எடுத்துவிடுங்கள்.

குழியில் இருக்கும் சேறு, சரளை, பெயின்ட் டப்பா மூடி, கட்டிடம் கட்டியபோது விழுந்த சிமென்ட் கட்டி எல்லாவற்றையும் மேலே நின்றபடியே அள்ளுங்கள். பம்ப்பை எடுத்து அடியில் உள்ள சல்லடையைப் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். திரும்ப வைக்கும்போது நேரடியாக மண்ணில் வைக்காமல் ஒரு செங்கல்லோ சின்ன கான்கிரீட் பலகையோ போட்டு அதன் மேல் வையுங்கள். பம்ப்பைத் தூக்கக் கயிறோ சங்கிலியோ கட்டியிருக்க வேண்டும். ஒயரைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் சீல் தளர்ந்து தண்ணீர் போவது அப்படித்தான்.

அடுத்தது ஃப்ளோட் சுவிட்ச். தண்ணீர் ஏறும்போது மிதந்து மேலே வந்து மோட்டாரை ஆன் செய்யும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் முட்டை. ஆட்டோமேட்டிக் பம்ப்கள் ஓடாமல் போக முதல் சந்தேகம் இதன் மேல்தான். குழிச் சுவரில் சிக்கியிருக்கும், ஒயரில் சுற்றியிருக்கும், எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டியிருக்கும். துடைத்து, எல்லாப் பக்கமும் தடையில்லாமல் அசைகிறதா என்று பாருங்கள். சோதனையைக் கையால் தூக்கிச் செய்யாதீர்கள். மின்சாரம் கொடுத்த பிறகு பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தானாக ஆன் ஆகணும், தண்ணீர் இறங்கியதும் தானாக ஆஃப் ஆகணும். ஆஃப் ஆகாமல் ஓடிக்கொண்டே இருந்தால் அதுவும் கோளாறுதான். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பதே சுற்றியுள்ள தண்ணீர். வறண்டு ஓடினால் சீல் போகும், பிறகு காயில்.

'உர்ர்ர்' என்று சத்தம் மட்டும் வந்து சுற்றவில்லையா? உடனே ஆஃப் செய்யுங்கள். ஒன்று கெபாசிட்டர் பலவீனமாகியிருக்கும், அல்லது சும்மா கிடந்து துருப்பிடித்து இம்பெல்லர் இறுகியிருக்கும். இரண்டுமே சாதாரண நாளில் தெரு முனை மோட்டார் கடையில் முடிகிற வேலை. புயல் நாளில் கடையே திறந்திருக்காது. மெக்கானிக்கின் வீட்டிலும் தண்ணீர் நிற்கும்.

ஆயில் நிரப்பிய மோட்டார் என்றால், சர்வீஸில் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் போல வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். சில ஓபன்வெல் மாடல்களில் உள்ளே சுத்தமான தண்ணீர் நிரப்பித்தான் ஓட்ட வேண்டும். வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்ததை அப்படியே இறக்கிவிடக் கூடாது.

பம்ப்புக்கு மேலே குழாயில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வையும் பாருங்கள். அது மூடாமல் போனால், மோட்டார் நின்றதும் குழாயில் இருக்கும் தண்ணீர் எல்லாம் திரும்பக் குழிக்கே வரும். ஃப்ளோட் மேலே வரும், மோட்டார் மறுபடி ஆன் ஆகும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆன்-ஆஃப் ஆகிக்கொண்டிருந்தால் இதுதான் காரணம்.

இத்தனையும் முடித்துவிட்டால் டிசம்பர் வரை மாதம் ஒருமுறை தண்ணீர் ஊற்றி ஒன்றிரண்டு நிமிஷம் ஓட்டினால் போதும்.

தண்ணீர் எங்கே போய் விழுது?

இதைக் கவனிக்காத வீடுகள் அதிகம். பம்ப் நன்றாக ஓடுகிறது, தண்ணீரும் கொட்டுகிறது. ஆனால் கொட்டும் இடம் வாசலுக்கு வெளியே ரோட்டோரம். ரோடோ வீட்டை விட உயரம். போன தண்ணீர் காம்பவுண்ட் அடி வழியாக மறுபடி உள்ளே வருகிறது. மோட்டார் அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி இறைத்துக்கொண்டிருக்கும்.

குழாயின் வாய், தெருவில் இதுவரை தண்ணீர் நின்ற அதிகபட்ச மட்டத்தை விட மேலே இருக்க வேண்டும். மிக்ஜாம் கறை சில வீட்டுச் சுவர்களில் இன்னும் தெரியும். அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குச் சொந்தமான சாய்வு எந்தப் பக்கம், மழைநீர் வடிகால் எந்தப் பக்கம் என்று பார்த்து அங்கே கொண்டுபோய் விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் விடுவது தீர்வாகாது. அவரும் ஒரு மோட்டார் வாங்குவார், அவ்வளவுதான்.

கரன்ட் போனா?

போகும். போகத்தான் வேண்டும். தண்ணீர் தேங்கிய பகுதிகளில் உயிரிழப்பைத் தடுக்க மின் வாரியமே சப்ளையை நிறுத்துவது வழக்கம். மிக்ஜாமில் பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. பம்ப் வேண்டிய நேரமும் கரன்ட் இல்லாத நேரமும் ஒன்றாகத்தான் வரும்.

'இன்வெர்ட்டர் இருக்கே' என்றால், அது ஃபேனுக்கும் லைட்டுக்கும். 1 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் ஒரு கிலோவாட் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் கேட்கும். வீட்டில் இருக்கும் 900 வி.ஏ. இன்வெர்ட்டர் அந்த நொடியிலேயே டிரிப் ஆகும். பெரிய இன்வெர்ட்டர் வாங்கினாலும் 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றில் ஒரு மணி நேரம் ஓடினாலே பெரிசு. ஊறி வரும் தண்ணீருக்கு மட்டும் என்றால், பேட்டரியில் நேரடியாக ஓடும் சின்ன டி.சி. பம்ப் ஒன்றை இரண்டாவதாக வைத்துக்கொள்வது உருப்படியான யோசனை.

அபார்ட்மென்ட்டுகளில் டீசல் ஜெனரேட்டர் இருக்கும். ஆனால் அது எங்கே இருக்கிறது? பல இடங்களில் அதே அடித்தளத்தில். தண்ணீர் முதலில் மூழ்கடிப்பது ஜெனரேட்டரையும் மெயின் பேனலையும்தான். சங்கக் கூட்டத்தில் பெயின்ட் கலர் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கலாம்.

வாடகைக்குப் பெட்ரோல் ஜெனரேட்டரோ, பெட்ரோல் இன்ஜின் பம்ப்போ எடுப்பவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. அதை அடித்தளத்துக்குள்ளோ, மூடிய கார் ஷெட்டிலோ, ஜன்னலுக்குப் பக்கத்திலோ வைத்து ஓட்டக் கூடாது. வெளியேறும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தலை சுற்றுகிறது என்று உணரும்போது எழுந்து நடக்கவே முடியாமல் போகலாம். இயந்திரம் வெளியே திறந்த இடத்தில், குழாய் மட்டும் உள்ளே.

உயிர் போகிற இடம்

தண்ணீர் நிற்கும் தரையில் இறங்குவதற்கு முன், அந்தத் தளத்தின் மின்சாரம் முழுவதும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். மெயின் சுவிட்சே தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, நடந்து போய்த்தான் ஆஃப் செய்ய வேண்டும் என்றால், போகாதீர்கள். மின் வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987. அங்கே சொல்லி சப்ளையை நிறுத்தச் சொல்லுங்கள்.

பம்ப்புக்கான லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மின்சாரம் போகும் அளவும் திரும்பி வரும் அளவும் ஒன்றாக இல்லையென்றால், அதாவது கொஞ்சம் உங்கள் உடம்பு வழியாகவோ தண்ணீர் வழியாகவோ கசிந்தால், கண் இமைக்கும் நேரத்தில் சப்ளையை வெட்டிவிடும் கருவி அது. சாதாரண எம்.சி.பி. இந்த வேலையைச் செய்யாது. அது ஓவர்லோடிலிருந்தும் ஷார்ட் சர்க்கியூட்டிலிருந்தும் ஒயரைக் காப்பாற்றுவதற்கு, ஆளைக் காப்பாற்ற அல்ல. ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டிரிப் ஆகவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய அலங்காரம். வாடகை வீடாக இருந்தாலும் ஓனரிடம் கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது. எர்த் கம்பியும் சரியாக இருக்க வேண்டும். சிப்காட் பக்கத்து லைன் வீடுகளில் எர்த் என்று ஒரு பச்சை ஒயர் சுவருக்குள் போகும், அது எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. ஓர் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

பம்ப்பின் சாக்கெட் இடுப்பு உயரத்துக்கு மேலே. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் தண்ணீருக்குள் போகவே கூடாது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் தண்ணீரில் யாரும் நிற்கக் கூடாது, குறிப்பாக வேடிக்கை பார்க்கும் குழந்தைகள்.

அடித்தளத்தில் ஆட்கள் இருக்கும் நேரம் என்றால் பம்ப்பை நம்பியே இருக்காதீர்கள். 2024 ஜூலை 27 அன்று டெல்லி ஓல்டு ராஜிந்தர் நகரில் ஒரு ஐ.ஏ.எஸ். பயிற்சி மையத்தின் அடித்தள நூலகத்தில் தெருத் தண்ணீர் பாய்ந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது ஸ்டோர் ரூமாகவும் பார்க்கிங்காகவும் பயன்படுத்த அனுமதி பெற்ற இடம். தெருவிலிருந்து சரிவாக இறங்கும் அடித்தளத்தில் தண்ணீர் மெதுவாக ஏறாது, கொட்டும். காரை எடுக்கலாம் என்று அந்த நேரத்தில் இறங்குவதும் இதே கணக்குதான்.

குடிநீர் சம்ப்பைக் காலி பண்ணாதீங்க

புயல் எச்சரிக்கை வந்ததும் 'அழுக்குத் தண்ணி கலந்துடும்'னு சிலர் குடிநீர் சம்ப்பைக் காலி செய்துவிடுகிறார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். நிரப்பி வையுங்கள்.

காரணம், நிலத்தடி நீர் ஏறும்போது காலித் தொட்டி ஒரு படகு. ஒரு கன மீட்டர் இடத்தை அடைத்தால் தண்ணீர் அதை ஒரு டன் விசையோடு மேலே தள்ளும். 10,000 லிட்டர் தொட்டி என்றால் பத்து டன். பிளாஸ்டிக் தொட்டி அப்படியே தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வரும். செங்கல், கான்கிரீட் தொட்டி என்றால் அடித்தளம் விரிசல் விடும். நிரம்பிய தொட்டி நகராது. கூடவே, கரன்ட் இல்லாத மூன்று நாளைக்குக் கையால் மொண்டுகொள்ளத் தண்ணீரும் இருக்கும். மூடியைச் சுற்றித் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குக் கட்டை கட்டி, மூடிக்கு ரப்பர் கேஸ்கெட் போட்டு, ஓவர்ஃப்ளோ குழாயை அடைத்துவிட்டால் வெள்ளம் உள்ளே போகும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

இதே விஷயம் அடித்தளத்துக்கும் பொருந்தும். வெள்ளம் வடிந்ததும் உள்ளே நிற்கும் தண்ணீரை ஒரே மூச்சில் வெளியேற்றத் தோன்றும். வெளியே மண் இன்னும் ஊறிக் கிடந்தால் அது சுவரை வெளியிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அதனால் ஓர் அடி இறைத்து, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, ராத்திரி விட்டுப் பாருங்கள். மட்டம் மறுபடி ஏறியிருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.

குடிநீர் சம்ப்பில் வெள்ளம் கலந்துவிட்டால் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ரசாயனம் போகாது. மிக்ஜாமில் மணலி சி.பி.சி.எல். வளாகத்திலிருந்து வெளியேறிய எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது, வீடுகளுக்குள்ளும் வந்தது. தொழிற்பேட்டை பக்கத்து வெள்ளத்தை வெறும் மழைத் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முழுவதும் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, கழுவிய தண்ணீரையும் இறைத்துவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 150 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனி பக்கெட்டில் கரைத்து, தெளிந்த மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி 24 மணி நேரம் விட வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, முழுவதும் வெளியேற்ற வேண்டும். அதற்குப் பிறகு பிடிக்கும் தண்ணீர்தான் பயன்பாட்டுக்கு. எண்ணெய் வாடை அப்போதும் இருந்தால் அந்த சம்ப் குடிக்கவோ சமைக்கவோ ஆகாது. மறுபடி தேய்த்துக் கழுவ வேண்டியதுதான்.

தேய்த்துக் கழுவ சம்ப்புக்குள் ஆளை இறக்குவதில் இன்னொரு உயிர் ஆபத்து இருக்கிறது. நாள் கணக்கில் மூடிக் கிடந்த தொட்டியில் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும், அழுகிய சேற்றிலிருந்து விஷ வாயுவும் வரலாம். முதல் ஆள் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் விழுந்த சம்பவங்கள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கின்றன. மூடியைத் திறந்து பல மணி நேரம் காற்றாட விட்டு, ஃபேன் வைத்துக் காற்றை உள்ளே தள்ளி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நின்றால்தான் யாரையாவது இறக்கலாம். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழைய சோதனை வேண்டாம், எரியக்கூடிய வாயு இருந்தால் வெடிக்கும். சந்தேகம் இருந்தால் இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்பவர்களைக் கூப்பிடுங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல் 101-க்கோ 112-க்கோ அடியுங்கள்.

மொபைலில் ஒரு வீடியோ

செப்டம்பர் சோதனையின்போது பம்ப் நன்றாக ஓடுவதை அரை நிமிஷம் வீடியோ எடுத்து வையுங்கள். சத்தம், தண்ணீர் விழும் வேகம், ஃப்ளோட் ஏறி இறங்குவது எல்லாம் தெரிகிற மாதிரி. அடுத்து மோட்டாரின் நேம் பிளேட்டை ஒரு போட்டோ. ஹெச்.பி., மாடல், கெபாசிட்டர் அளவு எல்லாம் அதில் இருக்கும். தண்ணீருக்குள் போன பிறகு அந்த எண்ணைப் படிக்க முடியாது. டிசம்பரில் ஏதாவது சத்தம் மாறினால், வர முடியாத மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்பில் இரண்டையும் அனுப்பினால் அவர் பாதி பிரச்சினையைப் போனிலேயே சொல்லிவிடுவார். கூடவே ஒரு கெபாசிட்டரை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இந்த இரண்டையும் மின்னகம் எண்ணையும் சேவ் செய்துவிட்டு, மோட்டார் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் வீட்டில் எல்லோரிடமும் கேட்டுப் பாருங்கள்.